சட்டம் கேட்போம்: யூரிக் கதிரையில் ஏழு பேர்

யூரி (குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு) முன்னிலையில் நடக்கும் விசாரணை பற்றிக் கேட்டு மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களை இம்முறை ஒன்றாக எடுத்திருக்கிறோம். குற்றவியல் வழக்குகளில் தோன்றும் சட்டத்தரணி ஒருவரும், மேல் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பு முதலியாராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள். கடிதங்களைச் சுருக்கி, ஆட்களை அடையாளம் காட்டும் விபரங்களை நீக்கியிருக்கிறோம்.

ஐயா, எங்கட அண்ணாவுக்கு ஒரு கொலை வழக்கு. நீதவான் கோட்டில இருந்து மட்டக்களப்பு மேல் நீதிமன்றத்துக்குப் போயிருக்கு. குற்றப்பகர்வு குடுக்கிற அண்டைக்கு ‘யூரி வேணுமா, நீதிபதி மட்டும் போதுமா’ எண்டு கேப்பாங்களாம். என்ன சொல்றதெண்டு எங்களுக்கு ஒண்டும் விளங்கல்ல. படத்தில வாற மாதிரி 12 பேர் இருப்பாங்களா?
– வாசகி, செங்கலடி

முதலில் எண்ணிக்கை. இலங்கையில் யூரி 7 பேர். 12 என்பது இங்கிலாந்து, கனடா கணக்கு.

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவையின்படி மேல் நீதிமன்றத்தில் வழக்கை விளங்குவது (விசாரித்துத் தீர்ப்பது) பொதுவாக நீதிபதி தனியேதான். நீதித்துறைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உள்ள குற்றங்களுக்கு மட்டும் யூரி உண்டு. கொலையும் பாலியல் வல்லுறவும் அதில் அடங்கும். அங்கேயும் எதிரி (குற்றஞ்சாட்டப்பட்டவர்) விரும்பிக் கேட்டால்தான் யூரி. நீதிபதியோ சட்டமா அதிபரோ தாமாக யூரியை அமர்த்த முடியாது. ஹெரோயின், கஞ்சா வழக்குகளுக்கு யூரி கிடையாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழான வழக்கையும் நீதிபதி தனியே இருந்துதான் விளங்க வேண்டும்.

குற்றப்பகர்வை (குற்றச்சாட்டுப் பத்திரத்தை) கையளித்து, கைவிரல் அடையாளம் எடுத்து, பிணையா விளக்கமறியலா என்று பார்க்கும் அதே கட்டத்தில் ‘யூரி முன்னிலையில் விளங்கப்பட விரும்புகிறீரா’ என்று எதிரியைக் கேட்க வேண்டும் என்கிறது 195ஆம் பிரிவு. இந்தக் கேள்வியைச் சடங்காக நினைக்காதீர்கள். யூரியைத் தெரிவு செய்யும் உரிமை எதிரிக்கு உண்டு என்பதை நீதிபதி எடுத்துச் சொல்லியே ஆக வேண்டும் என்று 2008இல் உயர் நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. கேட்காமல் விட்ட வழக்குகளில் குற்றத்தீர்ப்பு மேன்முறையீட்டில் கவிழ்ந்து, பல வருடம் கழிந்த பிறகு எல்லாம் முதலிலிருந்து தொடங்கியதுண்டு. அன்றைய திகதிக்குரிய வழக்கேட்டுப் பதிவில் ‘யூரி பற்றிக் கேட்கப்பட்டது, எதிரியின் தெரிவு இது’ என்று எழுதப்பட்டிருக்கிறதா என்று சட்டத்தரணி பார்த்துக்கொள்ள வேண்டும். எழுதப்படாவிட்டால் அன்றே சொல்லித் திருத்த வேண்டும்.

இனி எதைத் தெரிவது. வழக்குக் கோப்பைப் பார்க்காமல் ‘இதுதான் நல்லது’ என்று யாராலும் சொல்ல முடியாது. அண்ணாவின் சட்டத்தரணியோடு இருந்து நீங்கள் பேச வேண்டிய விடயங்களைச் சொல்கிறோம்.

நீதிபதி தனியே விளங்கினால் தீர்ப்பைக் காரணங்களோடு எழுத வேண்டும். எந்தச் சாட்சியை நம்பினார், ஏன் நம்பினார், முரண்பாட்டை எப்படித் தாண்டினார் என்பதெல்லாம் தாளில் இருக்கும். மேன்முறையீட்டில் சட்டத்தரணிக்குப் பிடி அதுதான். யூரி காரணம் சொல்வதில்லை. ‘குற்றவாளி’ அல்லது ‘குற்றவாளியல்ல’, அவ்வளவுதான். பிறகு மேன்முறையீட்டில் பெரும்பாலும் நீதிபதி யூரிக்குச் சொன்ன தொகுப்புரையில் பிழை தேட வேண்டியிருக்கும். சாட்சியங்கள் பலவீனம், ஆனால் சட்டச் சிக்கல் நிறைய என்றால் எழுதப்பட்ட தீர்ப்பின் பெறுமதி கூடும்.

அடுத்தது பெரும்பான்மை. 7 பேரும் ஒருமித்து, அல்லது குறைந்தது 5க்கு 2 என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். 4 பேர் ‘குற்றவாளியல்ல’, 3 பேர் ‘குற்றவாளி’ என்றால் அண்ணா விடுதலையாகி வீட்டுக்கு வரலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. விடுவிப்பதற்கும் 5 பேர் வேண்டும். 4க்கு 3 என்று இழுபட்டால் அந்த யூரியைக் கலைத்துவிட்டுப் புது யூரி முன்னால் வழக்கு மறுபடி தொடங்கலாம்.

காலம். நீதிபதி மட்டும் விளங்கும் வழக்கு தவணை தவணையாக வருடக்கணக்கில் போவதும், இடையில் நீதிபதி மாற்றலாகி அடுத்தவர் பழைய சாட்சியத்தை ஏட்டில் படித்துத் தொடர்வதும் எங்கள் பக்கத்தில் புதினமில்லை. யூரியிடம் அது நடவாது. அந்த 7 பேரும் எல்லாச் சாட்சியையும் காதால் கேட்க வேண்டும் என்பதால் விசாரணை நாள்தோறும் தொடரும். கெதியாக முடியும். ஆனால் சட்டத்தரணி தொடர்ச்சியாக நிற்க வேண்டும். நாளுக்கு இவ்வளவு என்று கட்டணம் பேசியிருந்தால் கை கடிக்கும். மொத்தத் தொகையாகப் பேசலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

கடைசியாக ஊர். சம்பவம் ஊரைக் கொதிக்க வைத்ததா, முகப்புத்தகத்தில் பரவியதா, தமிழர் – முஸ்லிம்கள் பிரச்சினையாகப் பேசப்பட்டதா? அப்படியென்றால் யூரிக்கு வருகிறவர்களும் அதைக் கேட்டிருப்பார்கள். நீதிபதி ‘கேள்விப்பட்டதை மறந்துவிடுங்கள்’ என்பார். அந்தச் சொல்லுக்கு எவ்வளவு பலம் என்று நீங்களே நிதானித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அபிப்பிராயம்: ‘யூரி என்றால் இரக்கப்படுவார்கள்’ என்ற எண்ணத்தில் மட்டும் யூரி கேட்காதீர்கள். குழந்தையோ பெண்ணோ இறந்த வழக்கில் அந்த இரக்கம் எதிர்ப்பக்கம் போகும்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். யூரிக்கு என்னை அழைத்தால் அங்கே என்ன நடக்கும்? எதுவும் தெரியாமல் போய் நிற்க வெட்கமாக இருக்கும்.
– வாசகர், கல்முனை

யூரி விசாரணை இப்போது அரிது. அழைப்பு வருவதும் அரிது. வந்தால் தட்டிக்கழிக்க முடியாது. நோய், தவிர்க்க முடியாத பயணம் போன்ற காரணம் இருந்தால் எழுத்தில், ஆதாரத்தோடு, தவணைக்கு முன்பே பதிவாளருக்குக் கொடுக்க வேண்டும். அன்றைய காலையில் ஆள் அனுப்பிச் சொல்லும் வேலை கூடாது.

அழைக்கப்பட்ட எல்லோரும் யூரியாக மாட்டார்கள். திறந்த மன்றில் பதிவாளர் திருவுளச்சீட்டு முறையில் பெயர்களை ஒவ்வொன்றாக எடுப்பார். பெயர் வந்தவர் முன்னே போவார். அப்போது எதிரி தரப்போ அரச சட்டவாதியோ மறுப்புத் தெரிவிக்கலாம். ஏன் என்று சொல்லாமலே மறுக்கவும் இடமுண்டு. அப்படி உங்களை மறுத்தால் மனம் நோக வேண்டாம். உங்கள் நேர்மை பற்றிய தீர்ப்பு அல்ல அது. ஆசிரியர் என்பதே போதும், ‘இவர் மற்ற ஆறு பேருக்கும் பாடம் எடுப்பார்’ என்று சில சட்டத்தரணிகள் பயப்படுவார்கள்.

எதிரியையோ இறந்தவரையோ சாட்சியையோ தெரியும் என்றால் அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இதில் தனிக் கவனம் வேண்டும். நேரடி உறவில்லை என்று நினைத்திருப்பீர்கள். கோயில் திருவிழாவில் ஒரே குடியாக (குலமாக) நின்று பூசை செய்கிறவராக இருப்பார். அதையும் சொல்லுங்கள். போதுமா போதாதா என்பதை நீதிபதி பார்த்துக்கொள்வார். விசாரணை நடந்துகொண்டிருக்கும்போது ‘இந்தச் சம்பவத்தில் எனக்கு நேரடியாகத் தெரிந்த விடயம் ஒன்று இருக்கிறதே’ என்று பட்டால், அதை மற்ற யூரிகளிடம் அறைக்குள் சொல்லக் கூடாது. நீதிபதியிடம் சொல்ல வேண்டும்.

7 பேரும் சத்தியமோ உறுதியுரையோ எடுத்ததும் உங்களுக்குள்ளேயே ஒருவரைத் தலைவராகத் தெரிவீர்கள். அவருக்கு மற்றவர்களைவிடக் கூடின வாக்கு எதுவுமில்லை. நீதிபதியோடு பேசுவதும் கடைசியில் தீர்ப்பைச் சொல்வதும் அவர் வேலை, அவ்வளவே. சத்தமாகப் பேசுகிறவரைவிட, எழுந்து நின்று தெளிவாக ஒரு வசனம் சொல்லக்கூடியவரைப் போடுங்கள்.

பிறகு அரச சட்டவாதி வழக்கைச் சுருக்கமாகச் சொல்வார். அது சாட்சியமல்ல. சாட்சிகள் ஒவ்வொருவராக வருவார்கள்: முதன்மை விசாரணை, குறுக்கு விசாரணை, தேவையானால் மீள்விசாரணை. சாட்சி சிங்களத்தில் சொன்னால் முதலியார் மொழிபெயர்ப்பார். ஏட்டில் ஏறுவது மொழிபெயர்ப்பு. உங்களுக்குச் சிங்களம் தெரிந்து, மொழிபெயர்ப்பில் ஏதோ தவறியது போலப் பட்டால் மனதுக்குள் திருத்திக்கொண்டு இருக்காதீர்கள். மற்ற ஆறு பேரும் ஒன்றைக் கேட்க, நீங்கள் வேறொன்றைக் கேட்டதாகிவிடும். தலைவர் ஊடாக உடனே நீதிபதியிடம் சொல்லுங்கள்.

யூரியும் சாட்சியைக் கேள்வி கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 166ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது; நீதிபதி ஊடாக அல்லது அவர் அனுமதியோடு கேட்க வேண்டும். நல்ல கேள்வி எப்படியிருக்கும்? ‘அந்த நேரம் கரண்ட் இருந்ததா? வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வந்தது? நீங்கள் நின்ற இடத்திலிருந்து வேலி எத்தனை அடி?’ இப்படி. ‘நீ ஏன் பொய் சொல்கிறாய்?’ என்பது கேள்வியல்ல, தீர்ப்பு. சம்பவ இடத்தைப் பார்க்காமல் விளங்காது என்றால் நீதிபதி யூரியை அங்கே அனுப்பவும் முடியும். நீதிமன்ற உத்தியோகத்தர் கூட வருவார்; அங்கே நிற்கும் யாரும் உங்களோடு வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது, வீட்டுக்காரர் ‘இதிலதான் விழுந்து கிடந்தவர்’ என்று கைகாட்டுவதும் உட்பட.

இடையிடையே உங்களை வெளியே அனுப்பிவிட்டு உள்ளே சட்ட வாதம் நடக்கும். கோபப்படாதீர்கள். ஒரு சான்றை உங்களுக்குக் காட்டலாமா கூடாதா என்று நீதிபதி தீர்மானிக்கும் நேரம் அது. கூடாத ஒன்றைக் கேட்ட பிறகு காதைக் கழுவ முடியாது.

எல்லாம் முடிந்ததும் இரு தரப்பு உரை, பிறகு நீதிபதியின் தொகுப்புரை. சட்டம் என்ன என்பதில் நீதிபதி சொல்வதுதான் முடிவு. நடந்தது என்ன என்பதில் முடிவு உங்களுடையது. ‘இந்தச் சாட்சி நம்பத்தக்கவர் போலிருக்கிறது’ என்று நீதிபதி சொன்னாலும் நீங்கள் நம்பாமல் விடலாம்.

யூரி அறைக்குள் போனதும் ‘குற்றவாளி எண்டு எத்தனை பேர், கையை உயர்த்துங்க’ என்று தொடங்குவதுதான் வழக்கமாக வரும் பிழை. கை உயர்த்தியவர் பிறகு தன் கையைக் காப்பாற்றத்தான் வாதாடுவார். முதலில் குற்றத்தின் கூறுகளைப் பிரியுங்கள். கொலை என்றால்: இறந்தது இன்னார்தானா? இறந்தது அந்தக் காயத்தாலா? காயத்தை ஏற்படுத்தியது இந்த எதிரியா? ஏற்படுத்தியபோது அவர் மனதில் இருந்தது என்ன? ஒவ்வொன்றாகச் சாட்சியத்தோடு பொருத்துங்கள். மூன்றாவதில் நியாயமான ஐயம் வந்துவிட்டால் நான்காவது தேவையில்லை.

நான்காவதுதான் கடினம். சட்ட வைத்திய அதிகாரி ‘இந்தக் காயம் சாதாரண இயற்கைப் போக்கில் மரணத்தை விளைவிக்கப் போதுமானது’ என்று சொல்வார். அது அலங்காரத்துக்குச் சொல்லும் வசனமல்ல. தண்டனைச் சட்டக்கோவையின் 294ஆம் பிரிவில் கொலைக்கான வரைவிலக்கணத்தில் உள்ள சொற்கள் அவை. குத்திய இடம், ஆழம், எத்தனை தரம், கத்தியைக் கொண்டு வந்தாரா அல்லது அங்கே கிடந்ததை எடுத்தாரா என்பதெல்லாம் இந்த இடத்தில் வரும். திடீர்ச் சண்டை, கடுமையானதும் திடீரென்றதுமான ஆத்திரமூட்டல் போன்ற விதிவிலக்கு இருந்தால் கொலை என்பது கொலையாகாத மனிதக்கொலையாக இறங்கும். அது 297ஆம் பிரிவு. விதிவிலக்கைக் காட்டும் பொறுப்பு எதிரிக்கு. ஆனால் அவர் ஐயத்துக்கு அப்பால் நிரூபிக்கத் தேவையில்லை. அப்படி நடந்திருக்கவே கூடுதலான வாய்ப்பு என்று காட்டினால் போதும். வழக்குத் தொடுநர்தான் எல்லாவற்றையும் நியாயமான ஐயத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டும்.

தண்டனையைப் பற்றி அறைக்குள் பேச வேண்டாம், அது நீதிபதியின் வேலை. கொலைக்கு இங்கே மரணதண்டனைதான் தீர்ப்பு. 1976க்குப் பிறகு நிறைவேற்றப்பட்டதில்லை. ‘எப்படியும் தூக்கிலிட மாட்டார்கள்’ என்று குற்றவாளியாக்குவதும் பிழை, ‘பாவம், தூக்கு என்று சொல்லிவிடுவார்களே’ என்று விடுவதும் பிழை.

நீங்கள் சொல்லும் தீர்ப்பை நீதிபதி ஏற்காவிட்டால் ‘மீண்டும் யோசியுங்கள்’ என்று ஒரு தடவை திருப்பி அனுப்ப அவருக்கு அதிகாரமுண்டு. திரும்பி வந்து அதையே சொன்னால் அதுதான் தீர்ப்பு.

பொலிஸில் அடித்து எழுதி வாங்கின வாக்குமூலத்தை யூரிக்குக் காட்டுவார்களா? எங்கட மச்சான் ‘கத்தியை எடுத்துத் தாறன்’ எண்டு சொன்னதாகவும், கத்தி எடுத்ததாகவும் பேப்பரில் வந்தது. அதோட வழக்கு முடிஞ்ச மாதிரித்தானே?
– வாசகர், அக்கரைப்பற்று

இல்லை. பொலிஸ் உத்தியோகத்தருக்கு அளித்த குற்ற ஒப்புதலைச் சாதாரண குற்றவியல் வழக்கில் எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது. சான்றுக் கட்டளைச் சட்டம் 25ஆம் பிரிவு. பொலிஸ் காவலில் இருக்கும்போது வேறு யாருக்குச் சொன்னாலும் 26ஆம் பிரிவு தடுக்கும், நீதவான் முன்னிலையில் சொல்லியிருந்தால் தவிர.

சிக்கல் 27ஆம் பிரிவில். சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் உள்ளே வரலாம். உதாரணத்துக்கு, தகவற் புத்தகத்தில் இப்படி எழுதியிருக்கிறது என்று வையுங்கள்: ‘நான் அவரைக் குத்திய கத்தியைக் கிணற்றடியில் வாழைக்குக் கீழே தாட்டு வைத்திருக்கிறேன். கூட்டிக்கொண்டு போனால் காட்டுவேன்.’ யூரி கேட்கக்கூடியது, ‘கத்தியைக் கிணற்றடியில் வாழைக்குக் கீழே தாட்டு வைத்திருக்கிறேன், காட்டுவேன்’ என்பது மட்டும். ‘நான் அவரைக் குத்திய’ என்பதை வெட்டிவிட வேண்டும். பொலிஸ் சாட்சி வாய் தவறி முழுவதையும் வாசித்துவிட்டால் எதிரித் தரப்புச் சட்டத்தரணி அங்கேயே எழும்பி, யூரியைக் கலைக்கும்படி கேட்கலாம்.

வெட்டிய பிறகு மிஞ்சுவது எதை நிரூபிக்கிறது? அந்தக் கத்தி அங்கே இருப்பது அவருக்குத் தெரியும் என்பதை. அதற்கு மேல் எதையும் இல்லை. தாட்டவர் வேறு ஆளாக இருக்கலாம், தாட்டதை மச்சான் கண்டிருக்கலாம். அந்தக் கத்தியால்தான் காயம் வந்தது என்பதை வைத்தியர் சொல்ல வேண்டும். இரத்தம் இருந்தால் அரச பகுப்பாய்வாளர் அறிக்கை வேண்டும். கத்தியைப் பொலிஸார் எடுத்தபோது யார் யார் நின்றார்கள், எத்தனை மணி, முத்திரையிட்டது எங்கே, நீதிமன்றத்தில் பொருட் பட்டியலில் ஒப்படைத்தது எந்தத் திகதி, இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டால் குறுக்கு விசாரணை அங்கேதான் நிற்கும்.

இன்னொன்றும் கேளுங்கள். மச்சான் சத்தியம் செய்து சாட்சிக் கூண்டில் ஏறலாம், எதிரிக் கூண்டில் நின்றபடி சத்தியமின்றிக் கூற்று ஒன்றைச் சொல்லலாம், அல்லது பேசாமல் இருக்கலாம். எதிரிக் கூண்டுக் கூற்றுக்குக் குறுக்கு விசாரணை இல்லை. யூரி அதை நம்பினால் விடுதலை. முழுதாக நம்பாவிட்டாலும் ஐயம் எழுப்பினால் விடுதலை. நம்பவே இல்லையென்றால்? வழக்குத் தொடுநரின் வழக்கு அதனால் பலப்படுவதில்லை. அந்த மூன்றாவதை யூரிகள் எளிதில் மறந்துவிடுவார்கள். நல்ல சட்டத்தரணி அதைத் தன் உரையில் திருப்பித் திருப்பிச் சொல்லுவார்.

மயிலந்தனை வழக்கில் யூரிதானே எல்லோரையும் விட்டது? பிறகு எப்படி யூரியை நல்லது என்று சொல்கிறீர்கள்?
– வாசகர், வாழைச்சேனை

நல்லது என்று நாங்கள் சொல்லவில்லை. கேள்வி நியாயமானது.

1992 ஓகஸ்ட் 9 அன்று மட்டக்களப்பு மாவட்டத்து மயிலந்தனையில் 35 தமிழர் கொல்லப்பட்டனர். வழக்கு மாவட்டத்துக்கு வெளியே போய், கடைசியில் கொழும்பு மேல் நீதிமன்றத்தில் சிங்களம் பேசும் யூரி முன்னால் விளங்கப்பட்டது. 2002 நவம்பரில் 18 படையினரும் விடுவிக்கப்பட்டனர். 1996இல் திருகோணமலை மாவட்டத்தில் நடந்த குமாரபுரம் படுகொலை வழக்கு அனுராதபுரத்தில் யூரி முன்னால் போய் 2016 ஜூலையில் ஆறு படையினரின் விடுதலையில் முடிந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் ரவிராஜின் கொலை வழக்கும் அப்படியே, 2016 டிசம்பர் 24, கொழும்பு.

இவற்றில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, முதல் இரண்டிலும் வழக்கு நடந்த இடம், இறந்தவர்களின் ஊரிலிருந்து தொலைவு. சாட்சிகள் வாழைச்சேனையிலிருந்து கொழும்புக்குப் போய், தங்கி, பயந்து, தெரியாத மொழி நடக்கும் மன்றில் நிற்க வேண்டும். இரண்டாவது, யூரி எந்த மொழிப் பட்டியலிலிருந்து எடுக்கப்படுவது என்பது. அதைத் தெரிவது எதிரி. நீதிமன்றம் வேறுவிதமாகக் கட்டளையிட்டாலன்றி அந்தப் பட்டியலிலிருந்துதான் ஆட்கள். இறந்தவரின் குடும்பத்துக்கு அதில் சொல்லே இல்லை. எதிரியின் பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடு இது. எதிரி படையினராகவும் இறந்தவர் சிறுபான்மையினராகவும் இருக்கும்போது தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை இந்த மூன்று வழக்குகளும் காட்டிவிட்டன. இதைத் திருத்தாமல் விட்டது சட்டவாக்க சபையின் குறை என்பதே எங்கள் கருத்து.

உங்களைப் போன்றவர்கள் செய்யக்கூடியது முன்கூட்டியே இருக்கிறது. பாதிக்கப்பட்ட குடும்பம் சட்டத்தரணி ஒருவரை வைத்து நலன் காக்கலாம். வழக்கு இடம்மாற்றும் விண்ணப்பம் வந்தால் ஆட்சேபிக்கலாம். யூரிக்கு உரியதல்லாத குற்றச்சாட்டு இருந்தால் அதைத் தொடக்கத்திலேயே எழுப்பலாம். ரவிராஜ் வழக்கில் பயங்கரவாதத் தடைச் சட்டக் குற்றச்சாட்டும் இருந்ததால் யூரி கூடாது என்று அந்தத் தரப்பு ஆட்சேபித்தது அப்படித்தான், எடுபடவில்லை. தீர்ப்புக்குப் பிறகு கதவு ஒடுங்கிவிடும். யூரி விடுவித்தால் சட்டமா அதிபர் சட்டப் பிரச்சினையில்தான் மேன்முறையீடு செய்யலாம், ‘யூரி சாட்சியை நம்பியிருக்க வேண்டும்’ என்று சொல்லிப் போக முடியாது.

இந்தியப் படங்களில் நீதிபதி மட்டும்தான் இருக்கிறார். அங்கே யூரி ஏன் இல்லை?
– வாசகி, காத்தான்குடி

முன்பு இருந்தது. 1959இல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதியின் கொலை வழக்கில் யூரி 8க்கு 1 என்று ‘குற்றவாளியல்ல’ என்றது. நீதிபதி அதை ஏற்காமல் மேல் நீதிமன்றத்துக்கு அனுப்பினார், அங்கே குற்றவாளியானார். யூரி அதற்கு முன்பே பல மாநிலங்களில் தேய்ந்துகொண்டுதான் வந்தது. 1973இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அதற்கு இடமே வைக்கவில்லை.

மகள் லண்டனில் இருக்கிறா. இன்னும் இலங்கைப் பாஸ்போட்தான். அவவுக்கு யூரிக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கு. பிழையாக வந்ததா? போகாட்டி விசாவுக்கு ஏதும் ஆகுமோ எண்டு பயப்படுறா. கடையில் வேலை, சம்பளமும் போகும்.
– தாய் ஒருவர், களுவாஞ்சிகுடி

அம்மா, பிழையாக வந்ததாகத் தெரியவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் யூரிக்குப் பிரஜாவுரிமை நிபந்தனையல்ல. 18 வயதுக்கு மேல், 76க்குக் கீழ், வாக்காளர் இடாப்பில் பெயர், 13 வயதுக்குப் பிறகு தொடர்ந்து 5 வருடமாவது அந்த நாட்டில் வசித்திருப்பது. இவை இருந்தால் போதும். இலங்கை பொதுநலவாய நாடு என்பதால், அங்கே இருக்க அனுமதியுள்ள இலங்கையர் வாக்காளராகப் பதியலாம். மகள் பதிந்திருப்பா, பெயரை அங்கிருந்து எழுமாற்றாக எடுத்திருப்பார்கள். 5 வருடம் ஆகவில்லையென்றால் பதிலில் அதை எழுதினால் விட்டுவிடுவார்கள்.

செய்ய வேண்டியது: கடிதம் கிடைத்து 7 நாளுக்குள் பதில் அனுப்ப வேண்டும், இணையத்தில் அல்லது கடிதத்தோடு வந்த படிவத்தில். திகதி ஒத்துவராவிட்டால் பின்போடக் கேட்கலாம், ஒரு தடவைதான், அடுத்த 12 மாதத்துக்குள் வரக்கூடிய திகதிகளையும் எழுத வேண்டும். பதில் போடாமல் அல்லது போகாமல் இருந்தால் 1,000 பவுண் வரை தண்டம். பயந்து கடிதத்தை மேசை லாச்சிக்குள் போட்டு வைப்பதுதான் ஆபத்து.

வழக்கமாக 10 வேலைநாள். வேலைகொள்வோர் விடுமுறை கொடுத்தே ஆக வேண்டும், ஆனால் சம்பளம் கொடுக்கக் கட்டாயமில்லை. சம்பளம் வெட்டினால் நீதிமன்றம் ஓரளவு ஈடு செய்யும்: முதல் 10 நாளுக்கு, 4 மணித்தியாலத்துக்கு மேல் இருந்தால் நாளுக்கு 64.95 பவுண் வரை என்பது நெடுநாளாக இருக்கும் வரம்பு. அழைப்போடு வரும் வருமான இழப்புப் படிவத்தைக் கடை முதலாளி நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். கையில் காசாகச் சம்பளம் வாங்குகிறவர்கள் சிக்குவது இங்கேதான். சம்பளச் சீட்டு இல்லாமல் இழப்பைக் காட்ட முடியாது. பயணச் செலவும் சிறிய சாப்பாட்டுத் தொகையும் தனி. பிள்ளை பராமரிப்புக்கும் கேட்கலாம்.

ஆங்கிலம் பயமென்றால் முதல்நாளே யூரி உத்தியோகத்தரிடம் சொல்ல வேண்டும். வழக்கை விளங்கிக்கொள்ளும் அளவு மொழி இல்லையென்று கண்டால் நீதிபதி விடுவிப்பார். சத்தியத்துக்குக் கீதை, குர்ஆன், பைபிள் எதுவும் கேட்கலாம், உறுதியுரையும் எடுக்கலாம். அங்கே 12 பேர். முதலில் ஒருமித்த தீர்ப்பே கேட்பார்கள், குறைந்தது 2 மணி 10 நிமிடம் போன பிறகே நீதிபதி 10க்கு 2ஐ ஏற்கலாம்.

மிக முக்கியமானது: எதிரியின் பெயரையோ சம்பவத்தையோ கூகுளில் தேடக் கூடாது. விசாரணை நடக்கும்போது அப்படித் தேடுவது குற்றம், 2 வருடம் வரை சிறை. நீங்களும் இரவில் தொலைபேசி எடுத்து ‘இண்டைக்கு என்ன நடந்தது மகள்’ என்று வழக்கைக் கேட்காதீர்கள். சாப்பிட்டாவா என்று கேளுங்கள்.

கனடாவில் என் நண்பன் யூரியாக இருந்து முடித்துவிட்டான். இப்போதும் வாய் திறக்கிறான் இல்லை. வழக்குத்தான் முடிந்துவிட்டதே?
– வாசகர், திருக்கோவில்

வழக்கு முடிந்தாலும் யூரி அறைக்குள் நடந்தது முடியாது. திறந்த மன்றில் எல்லோரும் கேட்டதை அவர் சொல்லலாம். அறைக்குள் யார் என்ன சொன்னார், எத்தனை பேர் எந்தப் பக்கம் என்பதை வெளியிடுவது கனடாக் குற்றவியல் சட்டக்கோவையின் 649ஆம் பிரிவின்படி குற்றம், மனைவிக்குச் சொன்னாலும்தான். கொடூரமான படங்களையும் சாட்சியங்களையும் பார்த்து நித்திரை கெட்டவர்களுக்கு இது பெரிய பாரமாக இருந்தது. 2022இல் சட்டத்தைத் திருத்தி, விசாரணை முடிந்த பிறகு சிகிச்சைக்காக மருத்துவத் துறையினரிடம் மட்டும் சொல்ல இடம் கொடுத்திருக்கிறார்கள். நண்பர் ஒரு மாதிரியாக இருக்கிறார் என்று பட்டால், கதையைக் கேட்காமல் அந்த வழி இருப்பதை அவருக்குச் சொல்லுங்கள்.